நான்கு கல் எண்ணி வாங்கிய மனை

2024 மார்ச் 11, திங்கட்கிழமை, காலை மணி 10:25. வானத்தில் மேகம் இல்லை. காற்றும் இல்லை, கொடியில் என் வேட்டி அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தூத்துக்குடியில் என் வீட்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தபடி, அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் பெரியதாழைக்கு மேற்கே இருந்த ஐந்து செண்டு மனையை, கைப்பேசித் திரையில் பார்த்து வாங்கினேன். பார்த்த நேரம் பதினோரு நிமிடம்.

பணம் என்னுடையது அல்ல. ஆழ்வார்திருநகரியில் என் மனைவியின் அப்பா வீட்டை விற்றதில் அவள் பங்காக வந்த இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அதைக் கொண்டு என்ன வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

“மாசம் ஏதாவது ஒரு வாடகை என் கைக்கு வரணும். அதுக்கு நான் உங்ககிட்ட கணக்கு சொல்ல மாட்டேன். அம்புட்டுதான்.”

இதைக் கேட்டு நான் வருத்தப்பட்டேன். நாற்பத்தொரு வருடமாக அவள் மல்லி வாங்கினாலும் மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கி எழுதி வைத்தவன் நான். அதில் அவளுக்குக் குறை இருக்கக்கூடும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. இருந்தாலும் பெருந்தன்மையோடு, இந்தத் தொகைக்கு டவுனில் ஒரு கழிப்பறைகூட வாங்க முடியாது, இப்போது மனை வாங்கிப் போட்டு இரண்டு வருடத்தில் இரட்டிப்பாக்கி, அப்புறம் வாடகைக்கு விடுவதுபோல் ஒரு சின்ன வீடு வாங்கித் தருகிறேன் என்றேன். குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது என்று சுற்றுவட்டாரம் முழுவதும் மனை விற்றுக்கொண்டிருந்த நேரம் அது.

“சரி, போயி பாத்துட்டு வாங்க” என்றாள்.

இங்கேதான் என் கணக்கு குறுக்கே வந்தது. பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். என் வலது முழங்கால் ஒத்துக்கொள்ளாது. காருக்கு, டிரைவர் பேட்டாவோடு, 2,500 ரூபாய் கேட்டார்கள். கைப்பேசியில் பார்ப்பதற்குச் செலவு பூஜ்யம். முப்பத்துநான்கு வருடம் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பதுதான் அந்த வேலை. எண்ணத் தெரிந்தவனுக்கு நேரில் போக வேண்டிய அவசியம் என்ன?

“கத்திரிக்காய வளைச்சு வளைச்சுப் பாத்து வாங்குத ஆளு, காணி மண்ண செல்லுல பாத்து வாங்குதாராம்” என்று அவள் அடுக்களைச் சுவரிடம் சொன்னாள்.

தரகர் ஐம்பது வயதுக்காரர், மரியாதை தெரிந்த மனிதர். கேமராவை மெல்லச் சுற்றிக் காட்டினார். சிவந்த மண், நாலைந்து பனை, ஒரு முருங்கைத் தோட்டத்து வேலி.

“எப்படி அண்ணாச்சி? குங்குமத்தக் கொட்டுன மாதிரி இருக்குல்லா?”

“குங்குமம் இருக்கட்டும். எல்லைக் கல் நாலையும் காட்டுங்க.”

அவர் கொஞ்சம் தயங்கியதாக இப்போது தோன்றுகிறது. அப்போது சிக்னல் என்று நினைத்தேன்.

“இதான் அண்ணாச்சி ஒண்ணாவது கல்லு.”

“ம். அடுத்தது.”

படம் குலுங்கியது. அவர் மூச்சு வாங்க நடப்பது கேட்டது. மறுபடி கல். ரெண்டு. மறுபடி நடை, மறுபடி கல். மூணு. நாலு. நோட்டில் நான்கு கோடு போட்டேன். கீழே ஒரு குறிப்பும் எழுதினேன். அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. “நான்கு கற்களிலும் தலையில் வெள்ளைப் பெயிண்ட். நான்கும் இடது மூலையில் ஒரே அளவாக உடைந்துள்ளன. லாரியிலிருந்து சேர்த்து இறக்கியபோது உடைந்திருக்கலாம்.”

ஏப்ரலில் பத்திரப் பதிவு. அதற்குப் பதிவு அலுவலகத்துக்கு அவளும் நானும் நேரில் போக வேண்டியிருந்தது. மனைக்கு அங்கிருந்து பதினான்கு கிலோமீட்டர். கையெழுத்து முடிந்ததும் அவள், “இம்புட்டு தூரம் வந்தாச்சு. ஒரு எட்டு பாத்துட்டுப் போவமே” என்றாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். திருச்செந்தூர் பஸ் 2:40-க்கு. அதை விட்டால் அடுத்தது 4:15.

“அதான் பாத்தாச்சே” என்றேன்.

ஆகஸ்டில், ஆடிக் காற்று அடங்கியதும், அவள் தானாகவே கார் பேசிவிட்டாள். “வாரியளா, நான் மட்டும் போகட்டா?” என்றாள். போனோம். தரகரும் வந்திருந்தார், கையில் மண்வெட்டியோடு. மனை பார்க்க வருகிறவர்களுக்கு மண்வெட்டி எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அது தேரி. காற்று அள்ளிக் கொண்டுவந்து குவிக்கும் செம்மணல் மேடு. ஒவ்வொரு ஆடியிலும் கொஞ்சம் இடம் மாறும். எங்கள் ஐந்து செண்டின்மேல் ஒரு மேடு குடிவந்து, வீட்டுக் கூரை உயரத்தில் நின்றது. பார்க்க உண்மையிலேயே அழகாக இருந்தது.

“கல்லு எங்க?” என்றேன்.

“உள்ள இருக்கு அண்ணாச்சி.” அவர் ஓர் ஓரத்தில் வெட்டினார். இடுப்பளவு போனதும் வெள்ளைப் பெயிண்ட் தெரிந்தது. இடது மூலை உடைந்திருந்தது.

“மத்த மூணு?”

“அதுவும் உள்ளதான். நாலஞ்சு வருஷமா உள்ளதான் கெடக்கு.”

“மார்ச்சுல நாலையும் காட்டுனீயளே!”

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். “நீங்க நாலு கேட்டிய. வெளிய தெரிஞ்சது ஒண்ணுதான். பெரிய மனுசர் மனசு நோகப்பிடாதேன்னு, சுத்திச் சுத்தி வந்து அதையே நாலு தடவ காட்டுனேன். அன்னைக்கு வெயிலு வேற, எனக்குக் கிறுகிறுன்னு வந்துட்டு. கல்லு எப்படி இருக்குன்னுதான கேட்டிய? மண்ணு எம்புட்டு இருக்குன்னு நீங்க கேக்கவே இல்லியே அண்ணாச்சி!”

அவர் சொன்னது சரி. துறைமுகத்தில் இது பழைய வித்தை. எண்ணி முடித்த மூட்டையைச் சுற்றிக் கொண்டுபோய் மறுபடி எண்ண வைப்பார்கள். அதற்காகவே எண்ணிய மூட்டையில் சாக்பீஸால் ஒரு கோடு இழுப்போம். அந்த வித்தையைப் பலமுறை பிடித்து, மேலதிகாரியிடம் பாராட்டு வாங்கியவன் நான். இங்கே அந்த மனிதர் ஏமாற்றக்கூட முயலவில்லை. என்னைத் திருப்திப்படுத்த, மயக்கம் வருகிற வெயிலில் ஒரு கல்லை நாலு தரம் சுற்றி வந்திருக்கிறார்.

என் மனைவி அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. சேலையில் ஒட்டிய செம்மணலைத் தட்டிவிட்டு, “சரி, போவோம். இனி எனக்கு வாடகை எங்க வரப்போவுது” என்றாள். திட்டியிருந்தால் திருப்பிச் சொல்ல என்னிடம் ஆறு பதில்கள் தயாராக இருந்தன. அவற்றைச் சுமந்துகொண்டு அவள் பின்னால் காருக்கு நடந்தேன்.

அதற்குப் பிறகும் நான் ஓயவில்லை. ஜேசிபி பிடித்து ஆறு மணி நேரம் மணலை ஒதுக்கினேன். இன்னொரு கல் கிடைத்தது. ஒதுக்கிய மணல் முருங்கைத் தோட்டத்து வேலியில் சரிய, தோட்டக்காரர் சண்டைக்கு வந்தார். சண்டை ஒரு மணி நேரத்தில் விலை பேசுவதாக மாறியது. முருங்கைக்கு மணல் போதும். அவருக்குக் கல்லும் வேண்டாம், ராக்கெட்டும் வேண்டாம். நான் செண்டு நாற்பத்திரண்டாயிரத்துக்கு வாங்கியதை அவர் பதினெட்டாயிரத்துக்குக் கேட்டார். கொடுத்துவிட்டேன். அவராவது நேரில் பார்த்து வாங்கினார்.

அந்தத் தொண்ணூறாயிரத்தோடு, என் நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே உடைத்து ஒன்றரை லட்சம் எடுத்தேன். இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்தையும் அவள் பெயரில் தனிக் கணக்கில் போட்டு, பாஸ்புக்கைக் கையில் கொடுத்தேன். மாத வட்டி அவளுக்கு வரும். வீட்டு வாடகையைவிடக் குறைவு. ஆனால் எந்தக் காற்றும் அதன்மேல் மணல் போடாது.

அவள் பாஸ்புக்கைத் திறந்து பார்க்கவில்லை.

“கணக்குக் கேக்க மாட்டியளே?”

“மாட்டேன்.”

“பாஸ்புக்க எடுத்தும் பாக்கப்பிடாது.”

“பார்க்க மாட்டேன்.”

பத்து மாதமாகிறது. மாதம் ஐந்தாம் தேதி அவள் தனியாக வங்கிக்குப் போகிறாள். திரும்பி வரச் சில நாள் ஒரு மணி நேரமாகிறது, சில நாள் மூன்றாகிறது. எவ்வளவு எடுத்தாள், என்ன வாங்கினாள் என்று கேட்க நாக்கு துடிக்கிறது; எழுந்து போய் முகம் கழுவிக்கொள்கிறேன். அந்தத் தொகையை நான் எழுத முடியாது. என் பக்கத்துக் கணக்கை மட்டும், மனை விலை, பத்திரச் செலவு, தரகு, ஜேசிபி, கார், வைப்பை உடைத்ததற்குப் பிடித்த அபராதம் வரை எல்லாம் சேர்த்து, விற்ற பணத்தைக் கழித்து, மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். மூன்று முறையும் நஷ்டம் ஒரே தொகைதான் வந்தது: ஒரு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.