துரைசாணி கொடுத்த மிஷினும் என் ஆறு சக்கரங்களும்

என் மாமியாரிடம் கேக் அடிக்கிற பழைய மிஷின் ஒன்று இருக்கிறது. அவருடைய அப்பா எல்கடுவத் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல்காரர். துரை ஊருக்குப் போகும்போது துரைசாணி அதைக் கொடுத்துவிட்டுப் போனாராம். "வெள்ளக்காரன் சாமான். இன்னைக்கு வரைக்கும் ஒரு ஸ்க்ரூ மாத்துனதில்ல" என்று எங்கள் மாத்தளை வீட்டுப் படியேறும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று பக்தியோடு தலையாட்டுவது என் வேலையாக இருந்தது. அதற்குள் இருப்பதில் பாதியை மாற்றியவளே நான்தான்.

கல்யாணமாகி வந்த முதல் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, என்னை ரவைக் கேக் அடிக்கச் சொன்னார்கள். கெட்டிக்காரி என்று காட்டிக்கொள்ளும் அவசரத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பட்டரைக் கல் மாதிரி அப்படியே போட்டு சுவிட்சைத் தட்டினேன். 'கடக்' என்றது, நின்றது. மருமகள் கையில் ஒரு கோப்பை உடைந்தாலே "அவ கைராசி அப்படி" என்று மூன்று வருடம் பேசும் வீடு அது. மிஷின் சூடாகிவிட்டது, ஆறட்டும் என்று பொய் சொல்லி, மிச்சத்தைக் கரண்டியால் அடித்து முடித்தேன்.

பிறகு யாருக்கும் தெரியாமல் திறந்து பார்த்தால், உள்ளே ஒரு பல்சக்கரத்தில் இரண்டு பல் இல்லை. டவுனில் விசாரித்தபோது கடைக்காரர் மிஷினின் வயதைக் கேட்டுச் சிரித்தார். நான் கணக்கு டீச்சர். வட்டத்தைச் சமமாகப் பிரிக்க எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடைந்த சக்கரத்தைத் தாளில் வைத்து வரைந்து, இல்லாத பற்களுக்கும் இடம் குறித்து, காய்கறி வெட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை ஒன்று வாங்கி, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அறுத்தேன். பெயருக்கு விடைத்தாள் திருத்துகிறேன்.

அரம் போடும் சத்தம் கேட்டு மாமியார் வெளியிலிருந்து, "என்னம்மா சத்தம்?" என்றார்.

"பென்சில் சீவுறேன் அத்த."

அரை மணி நேரம் சீவினேன்.

முதலில் தவறான பல்லில் பூட்டிவிட்டேன். அடிக்கும் கம்பிகள் இரண்டும் சக்களத்திகள் போல மோதிக்கொண்டன. கழற்றி, இரண்டு பல் தள்ளிப் பூட்டியதும் ஓடியது. பிளாஸ்டிக் தேயும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நவம்பரில் புதுச்சக்கரம் அறுப்பேன். இடையில் சுவிட்சையும் மாற்றினேன். மாமியாரின் பெருமைக்கு மட்டும் தேய்மானமே இல்லை.

போன நத்தாருக்கு என் கொழுந்தனுக்குப் புதிதாக வாய்த்த மனைவி கேக் அடித்தாள். பல்லேபொல ஊர்ப் பெண். அது சக்கரம் மாற்ற வேண்டிய வருடம். நான் சோம்பலில் தள்ளிப்போட்டிருந்தேன். பட்டரை ஒழுங்காக இளகவிட்டுத்தான் போட்டாள், பாவம். இருந்தும் அவள் கையில் மிஷின் நின்றது.

மாமியார் என்னைக் காட்டி, "மூத்தவ கையில பன்னெண்டு வருஷம் ஓடுனது. ஒன் கை பட்டதும் நின்னுருச்சே!" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தப் புகழ்ச்சி இனித்தது. ஒரு நிமிடம் முழுதாகச் சுவைத்தேன். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கண் நிரம்பி, கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து, எல்லோர் முன்னாலும் மிஷினைத் திறந்தேன்.

மாமியார் எட்டிப் பார்த்தார். "வெள்ளக்காரன் பிளாஸ்டிக்லயா போட்டான்?"

"நான் போட்டது அத்த. இது ஆறாவது."

"அப்ப மொதல்ல இருந்தது?"

"கல்யாணமான வருஷமே ஒடச்சுட்டேன்."

"சுவிட்சு?"

"அதுவும் நாந்தான்."

"மேல் மூடியாச்சும் அவங்களோடதா?"

"மூடி அவங்களோடதுதான்."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பிறகு சின்னவளிடம், "நீ ஏம்மா நிக்கிற? ஒம் மேல தப்பில்ல. முட்டய ஒட" என்றார். என் பக்கம் திரும்பி, "நீ இந்தத் தடவயாச்சும் சக்கரத்தத் தடிப்பா வெட்டு" என்றார்.

பன்னிரண்டு வருட நற்பெயர் போனது எனக்கு உறைத்தது. பொய் சொல்ல மாட்டேன். பலகையையும் ரம்பவாளையும் கொண்டுவந்து, முதல்முறையாகக் கதவு சாத்தாமல் சமையலறையிலேயே உட்கார்ந்து அறுத்தேன். முட்டைச் சட்டியோடு சின்னவள் என் பக்கத்தில் நகர்ந்து வந்தாள். மாமியார் அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து காதோரம் குனிந்தாள்.

"அக்கா, அத்தையோட பழைய அயன் பாக்ஸும் நேத்து எங் கையில நின்னுருச்சு. கட்டிலுக்கடியில ஒளிச்சு வச்சிருக்கேன்."