இரண்டாம் நம்பர் பம்ப்

முனியசாமியிடம் யாராவது விளக்கைப் போடு என்றோ அணை என்றோ சொன்னால், அவர் உடனே செய்யமாட்டார். சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "அணைச்சிரவா?" என்று கேட்பார். ஆமாம் என்று பதில் வந்த பிறகுதான் விரல் அழுத்தும். மிக்ஸி, மோட்டார், கேஸ் அடுப்பு என்று எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஷார்ஜாவிலிருந்து வருஷத்துக்கு ஒரு மாதம் விடுமுறையில் வருகிற மனுஷர் என்பதால் வீட்டில் முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. போகப்போக அவர் மனைவி சரசு கேலி பேச ஆரம்பித்தாள். ஃபேனை நிறுத்துவதற்கும் கலெக்டரிடம் உத்தரவு வாங்கவேண்டும் போலிருக்கிறது என்பாள். முனியசாமி சிரிப்பார். ஆனால் பதிலுக்குக் காத்திருப்பதை விடமாட்டார்.

மகள் ஜோதிமணி இதை எட்டு வருஷமாகப் பார்த்துவந்தாள். அவள் பள்ளியில் படித்தபோது அவருக்கு இந்தப் பழக்கம் கிடையாது. அவள் இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்த வருஷம் ஊருக்கு வந்தவர் இதோடு வந்தார். இரைச்சலில் வேலை செய்கிற ஆள், காது மந்தமாகியிருக்கும் என்று அவளாக ஒரு காரணம் வைத்துக்கொண்டாள்.

முனியசாமி கமுதிப் பக்கத்துக்காரர். பரமக்குடி ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தார். அவர் வீட்டில் அதற்கு மேல் படித்தவர்கள் இல்லை. ஜோதிமணிதான் முதல் பட்டதாரி. தொண்ணூற்றேழில் முனியசாமி ஷார்ஜாவில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனிக்கு வந்து, ஆறு வருஷம் தொழிலாளர் கேம்ப்பில் கிடந்தார். பிறகு ஓர் அரசு அலுவலக வளாகத்தில் பிளான்ட் ஆபரேட்டராக நேரடி வேலை கிடைத்தது. நான்கு கட்டடங்கள். நான்குக்கும் குளிர்ந்த நீர் அனுப்புகிற சில்லர்கள், தண்ணீர் பம்புகள், ஜெனரேட்டர், தீயணைப்பு பம்ப் எல்லாம் பின்பக்கத்து பிளான்ட் ரூமில் இருந்தன. மணிக்கு ஒருமுறை சுற்றிவந்து அழுத்தம், வெப்பம், ஆம்பியர் மூன்றையும் தாளில் எழுதவேண்டும். ஜூலை மாதத்தில் ஒரு சில்லர் நின்றால் பத்து நிமிஷத்துக்குள் மேலேயிருந்து போன் வரும். ஓடிக்கொண்டிருந்தால் வருஷக்கணக்கில் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். இத்தனை வருஷத்தில் நான்காவது மாடிக்கு ஆறு முறை போயிருப்பதாக அவர் கணக்குச் சொல்வார். ஆறு முறையும் திட்டு வாங்கத்தான்.

ஆனால் அது அரசாங்க வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும். பழுது பார்க்க வருகிறவர்கள் அப்படியில்லை. தொழில்பேட்டை கேம்ப்பிலிருந்து கம்பெனி பஸ்ஸில் காலையில் வந்து இறங்கி, சாயங்காலம் ஏறிப்போகிறவர்கள். அந்தக் கம்பெனி ஆட்களில் ஒருவர்தான் சாகிர். தொண்டிக்காரர், பைப் ஃபிட்டர். இரண்டு பேரும் ஒரே ஜில்லா என்பதால் முதல் நாளே மாமன் மச்சான் என்று முறை வைத்துக்கொண்டார்கள். ஊருக்குப் பேசும்போது முனியசாமியின் வாயில் சாகிர் பெயர் வராத நாள் குறைவு. அந்தப் பெயரும் அவள் கல்லூரி சேர்ந்த வருஷத்தோடு நின்றுபோனது. வேலையில் கையில் அடிபட்டு ஊருக்குப் போய்விட்டார் என்று மட்டும் வீட்டில் தெரியும்.

கல்லூரியில் மூன்றாம் வருஷம், கரண்டை இணைக்கவும் துண்டிக்கவும் செய்கிற பிரேக்கர்களைப் பற்றிய பாடம். அன்று சாயங்காலமே ஜோதிமணி அப்பாவைக் கூப்பிட்டாள். படித்ததை அவரிடம் சொல்லிப்பார்ப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். அவருக்குப் புரிகிற பாடம் அது ஒன்றுதான்.

"ப்பா, ஒரு வேடிக்கை கேளுங்க. பைப்புல வால்வ க்ளோஸ் பண்ணுனா தண்ணி நின்னுரும். கரண்டுல பிரேக்கர க்ளோஸ் பண்ணுனாத்தான் ஓடவே செய்யும். ஒரே வார்த்தைதான், நேர் எதிர் அர்த்தம்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று அவள் ஹலோ ஹலோ என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

படிப்பு முடிந்து மூன்று வருஷம் மதுரையில் குறைந்த சம்பளத்தில் அலைந்த பிறகு அவளும் ஷார்ஜாவுக்கே வந்துசேர்ந்தாள். தொழில்பேட்டையில் ஒரு கம்பெனியில் கட்டடங்களுக்கு மின்சாரப் பேனல் வரைபடம் போடும் வேலை. ஊருக்குள் ரோலா பகுதியில் நான்கு பெண்களோடு ஒரு ரூம். லீவு நாட்களில் அப்பாவின் ரூமுக்குப் போய் மீன் குழம்பு வைத்துக்கொடுப்பாள்.

அப்படிப் போயிருந்த ஒரு பெருநாள் மத்தியானம், முனியசாமி கையெல்லாம் செதிலோடு மீன் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். சாகிர். குடும்பம், உடம்பு, மழை என்று விசாரித்தார். மருமகள் முறையான ஜோதிமணி பக்கத்தில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவளையும் நலம் கேட்டார். வைக்கப்போகும்போது குரல் இறங்கியது.

"பெருநாளும் அதுவுமாக் கேக்குறேன் மச்சான். என்னைய மன்னிச்சிருங்க. அன்னிக்கு என் வாய் ஒழுங்கா இருந்திருந்தா உங்களுக்கு விசாரணை அது இதுன்னு அலைச்சலே வந்திருக்காது."

"விடு மாப்ள," என்றார் முனியசாமி. "பழைய கதை."

போன் வைத்த பிறகும் அவர் அதே மீனைக் கழுவிக்கொண்டேயிருந்தார். அடிபட்டவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று ஜோதிமணி கேட்டாள். வருஷா வருஷம் கேட்கிறான் என்றார். அது பதிலில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். முனியசாமி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

இரண்டாம் நம்பர் பம்பையும் அதன் மோட்டாரையும் இணைக்கிற ரப்பர் தேய்ந்துவிட்டது. சாகிர் மாற்ற வந்தார். பம்ப் ஒரு ரூமில், அதற்குக் கரண்ட் கொடுக்கும் பேனல் சுவருக்கு அந்தப் பக்கம் வேறு ரூமில். ஒருவரை ஒருவர் பார்க்கமுடியாது, வாக்கி டாக்கிதான். முந்தின ஷிஃப்ட்காரன் பிரேக்கரை ஏற்கெனவே நிறுத்திவைத்திருந்தான். சாகிருக்கு அது தெரியாது. வேலையில் கை வைக்கும் முன், நிறுத்தச் சொல்லி முறைப்படி கூப்பிட்டார்.

"ரெண்டாம் நம்பர் க்ளோஸ் பண்ணுங்க மச்சான்."

முனியசாமி பேனலைப் பார்த்தார். பிரேக்கர் நின்றுகொண்டுதான் இருந்தது. நிற்பதை எப்படி நிறுத்துவது. எலக்ட்ரீஷியனுக்கு க்ளோஸ் என்றால் போடுவது. வேலை முடிந்து ஓட்டிப்பார்க்கச் சொல்கிறான் என்று கை தானாகப் போட்டுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், சொன்னதும் நிறுத்தியிருப்பார் என்று நம்பிய சாகிரின் வலது கை ரப்பருக்குள் இருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி இந்தியில் இரண்டே கேள்வி கேட்டார். அவன் என்ன வார்த்தை சொன்னான்? க்ளோஸ். பிரேக்கரை க்ளோஸ் பண்ணுவது என்றால் என்ன? ஆன் பண்ணுவது. இரண்டும் பொய்யில்லை. பழுது பார்க்கும்போது பிரேக்கரில் ஆபரேட்டர் தன் பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொள்ளவேண்டும் என்று விதி இருந்தது. முனியசாமியின் பூட்டு மேஜை இழுப்பறைக்குள் கிடந்தது. அதைக் கேட்டால், ஏன் இத்தனை நாள் கவனிக்கவில்லை என்று அதிகாரியையும் கேட்பார்கள். அதனால் பேச்சு அந்த ஒரு வார்த்தையோடு முடிந்தது. ஃபிட்டர் தவறான கட்டளை கொடுத்தார் என்று எழுதினார்கள். கம்பெனி ஆள்தானே. மணிக்கட்டோடு கை போன மனிதரை இரண்டு மாதத்தில் விமானம் ஏற்றிவிட்டார்கள்.

ஜோதிமணி ஒன்றே ஒன்று கேட்டாள். "சாகிர் மாமா க்ளோஸுன்னா நிறுத்துறதத்தான் சொல்வாருன்னு உங்களுக்குத் தெரியாதாப்பா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தெரியும். ஒம்பது வருசமா அவன் அப்படித்தான் சொல்வான். நானே எத்தனை தடவ கேலி பண்ணிருக்கேன், இவன் கரண்டுக்கே குழாய் மாட்டுற பயன்னு."

"அப்புறம் ஏன்?"

"கவனம் அங்கிட்டு இல்ல."

என்ன தேதி என்று கேட்டாள். சொல்லமாட்டேன் என்றார். அந்தப் பிடிவாதத்திலேயே அவளுக்குத் தெரிந்துபோனது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த காலை. போனில் அவரிடம் ஒவ்வொரு பாடமாக மார்க் சொல்லிக்கொண்டு வந்தாள். கணக்குக்கு வரும்போது லைன் அறுந்தது. அன்று முழுக்க அவர் திரும்பக் கூப்பிடவில்லை. வேலை என்று அம்மா சொன்னாள்.

"உன்னைய இதுல சேக்காத தாயி," என்றார் முனியசாமி. "ஒரு கையில போனு, ஒரு கையில வாக்கி டாக்கி. ரெண்டுல ஒண்ண வச்சிருக்கணும். அது என் சோலி."

உண்மையை அன்றே சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், ஜெயிலும் இருந்திருக்கலாம். அடுத்த மாதம் அவளுக்குக் கல்லூரியில் பணம் கட்டவேண்டும். அவர் இதைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையுமில்லை. ரோலாவுக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜோதிமணி தன்னையே கேட்டுப்பார்த்தாள். அன்று அப்பா தன்னிடம் யோசனை கேட்டிருந்தால், பதினேழு வயதில், என்ன சொல்லியிருப்போம்? நல்ல பதில் ஒன்றைச் சொல்லிப்பார்த்தாள். அதை அவளாலேயே நம்பமுடியவில்லை. சொல்லாதீங்கப்பா என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஆனால் அவளை அதற்கு மேல் அரித்தது வேறு. சாகிருக்கு ஒன்றும் தெரியாது. தன் வாயால்தான் தன் கை போனது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். தொண்டியில் மச்சினன் கடையில் உட்கார்ந்திருந்தார். பள்ளிவாசலுக்கு மோட்டார் இறக்கும்போது, நீங்கள் நின்று சொன்னால் போதும் என்று ஜமாத்தில் கூப்பிட்டார்களாம். போகவில்லை. நான் சொல்கிற வார்த்தையை நம்பி ஒருத்தன் கை வைக்கக்கூடாது என்றாராம். இதை அவர் மனைவி ஜுலைஹா பீவி ஒருமுறை சரசுவிடம் போனில் சொல்லி அழுதிருந்தாள். போன கை வரப்போவதில்லை. இந்த நினைப்பையாவது அவரிடமிருந்து எடுத்துவிடலாம். அதற்கு முனியசாமி ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

அதைத்தான் அவள் லீவு நாள்தோறும் கேட்டாள். போனில் சொல்கிற விஷயமா இது, ஊருக்குப் போகும்போது நேரில் சொல்கிறேன் என்றார். அந்த வருஷ விடுமுறையில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலையில் தொண்டிக்குக் கிளம்பியவர் இருட்டும் முன் திரும்பிவிட்டார் என்று சரசு சொன்னாள். ஷார்ஜாவுக்குத் திரும்பி வந்தபின் ஜோதிமணி கேட்டபோது, கடை பூட்டியிருந்தது என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார்.

"கடை தொறந்துதான் இருந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல இருந்தே தெரியும். அவன் இடது கையால தேங்கா எண்ணிக்கிட்டிருந்தான். ஒரு டீ குடிச்சேன். வந்த பஸ்லயே ஏறிட்டேன்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடலாம். நம்பர் அவளிடம் இருந்தது. அவர் வாயிலிருந்து வந்தால்தான் அது செல்லும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது நியாயமா, தன் பயத்துக்கு ஒரு பெயரா என்று பிரித்துப்பார்க்க அவள் விரும்பவில்லை. டிசம்பரில் அப்பாவுக்கு ஓய்வு. ஒரேயடியாக ஊருக்குப் போகிறவர், இனி இழப்பதற்கு ஒன்றுமில்லாதவர், அப்போது சொல்லிவிடுவார் என்று நாளைத் தள்ளினாள்.

செப்டம்பரில், மத்தியானம் இரண்டு மணிக்கு அளவுகளை எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த முனியசாமி எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக் கட்டம் காலியாக இருந்தது. மாற்று ஷிஃப்ட்டுக்கு வந்த நேபாளக்காரர் பார்த்து ஆம்புலன்ஸ் வரவழைத்தார். அதற்குள் உயிர் போயிருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

அடுத்த நான்கு நாளும் ஜோதிமணி தாள்களோடு அலைந்தாள். இறப்புச் சான்றிதழ், போலீஸ் கடிதம், தூதரகம், விசா ரத்து, கார்கோ. எல்லாக் கவுன்டரிலும் உறவு என்ன என்று கேட்டார்கள். மகள் என்று எழுதி எழுதிக் கை அலுத்தது. உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றுகிற இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சாகிரின் போன் வந்தது. அவர் அழுதுமுடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் மருமவளே. மச்சானுக்குக் கடைசி வரைக்கும் எம்மேல வருத்தம் ஏதும் இருந்துச்சா?"

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்ட்ரெச்சர் போனது. அவள் வாயைத் திறந்தாள். வாக்கியம் முழுதாக நாக்கில் இருந்தது. நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள், அப்பாவுக்கு அது தெரியும். இவ்வளவுதான்.

"இல்ல மாமா," என்றாள்.

அல்ஹம்துலில்லாஹ் என்று அவர் மூச்சு விட்டது கேட்டது. எந்த விமானம், மதுரையா, திருச்சியா, எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். மதுரை என்றாள்.

"நான் வண்டியோட வந்துர்றேன். பெட்டிய எறக்க ஆள் வேணும்ல. ஒரு கைதான் இருக்கு. இருந்தாலும் ஒரு பக்கம் பிடிப்பேன்."

வாங்க மாமா என்று சொல்லி வைத்தாள். உள்ளேயிருந்து முனியசாமியின் பெயரைக் கூப்பிட்டார்கள். தாள்களை எடுத்துக்கொண்டு போனாள்.