தாத்தாவின் சேலை

ஒரு கல்யாணத்துக்கு உடுத்துப் போகப் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண் அந்த வெளிர்நீலச் சேலையை என் கையில் தந்தபோது ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்.

"கவனமா உடுங்க, இது எங்கட தாத்தாட சாரி."

எனக்குப் பகீரென்றது. எங்கள் வீட்டில் தாத்தா என்றால் அம்மாவைப் பெற்றவர். காலமான ஒரு பெரியவர் பேத்திக்கு ஆசையாய் வாங்கிக் கொடுத்ததாக்கும் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தை மாடிவீட்டுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. இங்கே எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி அவர்தான். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் சேலை அழகாயிருந்தது. ஆசை யாரை விட்டது?

கொட்டாஞ்சேனையில் கல்யாண மண்டப வாசலில் ஓட்டோவை விட்டு நான் இறங்கினேன், சேலை இறங்கவில்லை. இருக்கைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் மாட்டி, தலைப்பில் இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. அன்று கல்யாணத்தில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அடுத்த நாலு நாளும் அவர் முகத்தில் முழிக்கவில்லை. அவர் வீட்டுக் கதவுச் சத்தம் கேட்டால் லிப்டுக்குக் காத்திராமல் படியால் ஓடினேன், நாலு மாடி, இந்த முழங்காலோடு. அதே நீலத்தில் நூல் தேடிக் காலி வீதிக் கடையெல்லாம் ஏறி இறங்கியும் ஒன்றும் பொருந்தவில்லை.

"ஏன் அம்மா ஒளிக்கிறீங்கள்?" என்றாள் மகள். "வேற கலர் நூலால வடிவாத் தெரியத் தையுங்கோ. இப்ப அதுதான் ஃபேஷன். சஸ்டெயினபிள்!"

காலம் முழுக்க நாங்கள் கிழிசல் தைத்தபோது அதற்கு ஒருவரும் பெயர் வைக்கவில்லை. எரிச்சல் வந்தாலும் வேறு வழி தெரியவில்லை. மஞ்சள் நூலால் கிழிசலைப் பொத்தி, அதன்மேல் ஒரு கொத்துக் கொன்றைப் பூத் தைத்தேன். முடித்துப் பார்த்தால், கிழியாத பக்கம்தான் கொஞ்சம் வெறிச்சென்றிருந்தது.

ஐந்தாம் நாள் துணிந்து போய் மணியடித்தேன்.

"நல்ல நேரத்தில வந்தீங்க. உள்ளுக்கு வாங்க, தாத்தாவும் வந்திரிக்கிறாங்க."

செத்தவர் எப்படி வந்தார்? சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு மரியாதையாய் நின்றேன். வட்டிலப்ப இனிப்புக் கிண்ணத்தோடு என் வயதுப் பெண் ஒருவர் வந்தார். நான் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

"தாத்தா எங்க?"

"இந்தா நிக்கிறாங்களே! நீங்க அக்கா எண்டு சொல்லுவீங்க, நாங்க தாத்தா எண்டு சொல்ற."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கிழிசல், படிக்கட்டு, நான் சாகடித்த கிழவர் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். சிநேகிதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருடைய அக்கா சிரிக்கவில்லை. தலைப்பை விரித்துப் பூவை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"மற்றப் பக்கத்துக்கும் ஒண்டு போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டார்.

அதன் பிறகு அந்த வீட்டுக் கிழிசலெல்லாம் என்னிடம்தான் வருகிறது. நேற்று நான் சமையலறையில் நிற்கும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. மகள் போய்த் திறந்தாள். கிழிந்த அபாயா ஒன்றோடு சிநேகிதி நின்று, "தாத்தா இரிக்கிறாங்களா?" என்று கேட்பது எனக்கே கேட்டது.

"அம்மா, தாத்தாவை வரட்டாம்!" என்று மகள் சிரித்துக்கொண்டே கத்தினாள்.

"வாறன் எண்டு சொல்லு" என்று ஊசிப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.