பாட்டில் கடை மரியபுஷ்பம்

பழனியில் மகள் வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு, மலையேறி வந்து மூஞ்சிக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எழுத்துத் தெரிந்ததிலிருந்து சுவரைக் கண்டால் என் கால் நின்றுவிடும். அன்று கண்ணில் பட்டது ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. படத்தில் இருந்த இளம்பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ பாவம் என்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். பாதிப் பெயர் வரும்வரை, படிக்க முடிகிறதே என்ற சந்தோஷம்தான் இருந்தது. முழுப் பெயரும் வந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நம் மரியபுஷ்பம். என்றைக்கோ எடுத்த படத்தைப் போட்டிருக்கிறார்கள். அடக்கம் முந்தின நாளே முடிந்திருந்தது.

அவளோடு வேலை பார்த்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு வரிதான் எனக்கு வரும். அவள் என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். அவள் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

புருஷன் போன பிறகு பேத்துப்பாறை ரோட்டில் இருந்த பழைய பிளாஸ்டிக் கடையை அவள் கையில் எடுத்தாள். நான் வட்டக்கானல் சரிவுகளில் சுற்றுலாக்காரர்கள் எறியும் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கி அவளிடம் போடுவேன். முதல் லோடுக்கு எல்லாப் பாட்டிலையும் மூடிபோட்டு இறுக்கிக் கொடுத்தேன். சுத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். லாரிக்கார சேகர் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு போனான். மத்தியானம் அவனிடமிருந்து போன் வந்தது.

"யக்கா, கயிறெல்லாம் தொங்குது. வளைவுல பாதிச் சாக்கு ரோட்டுல கெடக்கு. வெரசா வாங்க!"

அடுத்த பஸ்ஸில் இரண்டு பேரும் இறங்கிப் போனோம். மேலே மூடிய பாட்டில், கீழே இறங்க இறங்கத் தானாகவே சப்பிப்போயிருந்தது. நான் பயந்துபோய் நின்றேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மலைக் காத்த அடைச்சு அனுப்பிட்டீங்கண்ணே. கீழ்க்காத்து அத நசுக்கிப்போட்டுருச்சு!"

அதிலிருந்து மூடி தனி, பாட்டில் தனி.

கீழேயுள்ள ஆலைகள் சில மாதம் அடித்துப் பிடித்து வாங்கும். சில மாதம் போனையே எடுக்காது. கச்சா எண்ணெய் விலை இறங்கினால் புதுப் பிளாஸ்டிக் மலிவாகிவிடும், பழையதைக் கேட்க ஆள் இருக்காது என்று அவளுக்கு ஒரு வியாபாரி சொல்லியிருந்தார். "ஊரே பெட்ரோல் வெலை குறையணும்னு சாமி கும்பிடுது. நாம ரெண்டு பேரு மட்டும் ஏறணும்னு கும்பிடுறோம். மாதா யாரு பேச்சக் கேப்பாகளோ!" என்பாள்.

பிறகு, புதுப் பாட்டிலில் பழைய பிளாஸ்டிக்கைக் கலந்தே ஆக வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. பாட்டிலுக்குக் கிராக்கி வந்தது. நாங்கள் தலைநிமிர்ந்த அந்தச் சமயத்தில்தான் மலையில் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்று பேச்சு எழுந்தது.

அதற்காக ஒரு கூட்டம் போட்டார்கள். தடை வேண்டாம் என்ற கடைக்காரர்கள் எங்களுக்கு டீயும் வடையும் கொடுத்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஏழைகள் பிழைப்புப் போகும் என்று மரியபுஷ்பம் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் எழுந்தாள்.

"பாட்டிலு மலையில தங்காது சார். அதுக்கு வெலை இருக்கு, நாங்க பொறுக்கிருவோம். சிப்ஸ் கவரு, பிஸ்கட் கவரத்தான் ஒருத்தரும் வாங்க மாட்டேங்கறாக. சோலைக்குள்ள பூராவும் அதுதான் கெடக்கு. காட்டுமாடு திங்குது. கவரு போட்டு விக்கிற கம்பெனிதான் பொறுப்புன்னு சட்டம் இருக்காம்ல? அவுகள எடுக்கச் சொல்லுங்க. பாட்டிலு போனாப் போகட்டும்."

நான் கத்திவிட்டேன். "ஒன் கடை போகட்டும்னு சொல்லு! எங்க பொழப்ப ஏன் சேத்துத் தூக்கிக் குடுக்குற?"

"பாட்டிலு போனா மொதல்ல போறது என் கடைதாண்ணே" என்றாள்.

துரோகி என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நீங்கள் பலர் அன்று அங்கே இருந்தீர்கள்.

தடை வந்தது. சாக்குகள் மெலிந்தன. அவள் கடையில் பாதியை மூடினாள். நான் வீட்டில் முடங்கினேன். எழுபது வயதில் எனக்கு வேறு சோலி யார் கொடுப்பார்கள்? நான்கு மாதம் அவளோடு பேசவில்லை.

ஒரு நாள் வெள்ளனே கதவு தட்டும் சத்தம். திறந்தால், அழுக்குக் கவர்கள் நிறைந்த சாக்கோடு அவள்.

"கோவிச்சது போதும், வாங்கண்ணே. கவர எடுத்துட்டுப் போக கம்பெனிக்காரன் லாரி அனுப்புறானாம். கூலியும் அவன் தாரான். ஆனா, எது எந்தக் கம்பெனின்னு பிரிச்சுத் தரணுமாம்."

"எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே."

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்? கோயில் ஹால்ல சாயங்காலம் சொல்லித் தாராக. வாங்க, போவோம்."

நான் படித்தேன். அவள் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டாள். "எழுத்து ஒங்களுக்கு, நெறம் எனக்கு" என்று கவரின் நிறத்தை வைத்தே பிரித்தாள். நான் ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் அவள் பத்தை எறிந்திருப்பாள். "என்னண்ணே, பரீட்சைக்கா படிக்கிறீக?" என்று கேலி வேறு. தீபாவளிக்கு ஒரு கம்பெனி கவரின் நிறத்தை மாற்றிவிட்டது. அவள் பிரித்த சாக்குகளெல்லாம் கலந்துபோயின. அன்றைக்கு முழுவதும் நான்தான் உரக்கப் படித்துச் சொன்னேன், அவள் வாயை மூடிக்கொண்டு எடுத்துப் போட்டாள். என் ஆயுளில் அதைப்போல் சந்தோஷமான நாள் குறைவு.

முதல் கவர் லோடு ஏறியபோது நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். நான் குனிந்து அடுத்த சாக்கின் வாயைக் கட்டினேன். பிறகு சேகரிடம் சொன்னேன், மகளிடம் சொன்னேன், கோயில் ஹால் டீச்சரிடம்கூடச் சொன்னேன். அவளிடம் மட்டும், அடுத்த லோடுக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். சரிவில் பாட்டிலும் கவரும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால், என் கை முதலில் கவருக்குத்தான் போகிறது.

இதை நீங்கள் எல்லாரும் படிப்பீர்கள், அவள் படிக்க மாட்டாள். ஆனாலும் நானே என் கையால் எழுதிவைக்கிறேன். புஷ்பம், கூட்டத்தில் நீ பேசியதுதான் சரி. நான் சொன்னது தப்பு.