முதல் வெட்டு

சட்டி மணலைச் சாக்கில் கொட்டிவிட்டு, ஆக்ஸிலியா சாக்கின் வாயை உள்பக்கமாக மடிக்கிறார். ஒரு மடிப்பு, அதன்மேல் இன்னொரு மடிப்பு, பிறகு இரண்டு மூலைகளையும் முக்கோணமாக இழுத்து உள்ளே செருகுகிறார். கயிறு கட்டுவதில்லை. கொடைக்கானலில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் பதினோரு வருடம் படுக்கை விரித்த கை அது. மணல் சாக்குதானே என்று விடுவதில்லை. மூலை பிசகினால் பிரித்து மறுபடி மடிக்கிறார்.

“கெஸ்ட்டு, சார்” என்று மணலைக் காட்டினார். “வந்து ரெண்டு வருசமாச்சு. செக்-அவுட் டைம் தெரியாத கெஸ்ட்டு.”

சிரிக்கலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அடுத்த சட்டிக்குக் குனிந்துவிட்டார்.

அவருக்கு நாற்பத்தேழு வயது. நிலம் ஒன்றேகால் ஏக்கர், நெல் வயல். வத்தலக்குண்டிலிருந்து டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம். மலையிலிருந்து இறங்கிவரும் ஆற்றின் மேற்குக் கரையை ஒட்டிக் கிடக்கிறது. எதிர்க்கரையில் கீழக்காலனி, நூற்றுச் சொச்சம் வீடுகள். வயல் என்றுதான் சொல்கிறேனே தவிர, பார்த்தால் கோடைகாலத்து ஆறு மாதிரி இருக்கிறது. முழங்கால் ஆழத்துக்கு மணல், நடுநடுவே தலையளவு கல். ஒரு நாளைக்கு நாற்பது சட்டி வீதம் அள்ளி, தனி ஆளாகப் பதினைந்து சென்ட்டை மீட்டிருக்கிறார். வெள்ளை மணலின் ஓரத்தில் அந்தப் பதினைந்து சென்ட் கறுப்பாகத் தெரிகிறது.

அந்தக் கறுப்பு மண் தொடங்கும் இடத்தில் ஒரு பழைய சாக்கு விரித்திருந்தது. நான் தாண்டிப் போகப் பார்த்தேன். “காலத் தொடச்சிட்டு வாங்க சார். மணலு உள்ள வரக்கூடாது” என்றார். வயலுக்கு மிதியடி போட்ட ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. துடைத்துக்கொண்டுதான் போனேன்.

இந்த ஆற்றில் ஒரு முறை உண்டு. வெள்ளம் காலனிப் பக்கக் கரையில் வழியப் பார்த்தால், மேற்குக் கரையை வெட்டித் தண்ணீரை வயலுக்குள் விட்டுவிடுவார்கள். வெட்டுகிற இடம் எப்போதும் ஒன்றுதான்: ஆக்ஸிலியாவின் வயலுக்கு நேர்மேலே. ஆனால் முதல் வெட்டு வயல்காரர் கையால் விழவேண்டும். அது விழாமல் வேறு யாரும் கரைமேல் மண்வெட்டி வைப்பதில்லை. பின்னால் பழி, சாபம் எதுவும் வந்துவிடக்கூடாதாம். அதற்குப் பதிலாக மற்ற வருடங்களில் வாய்க்கால் தண்ணீர் அந்த வயலுக்குத்தான் முதலில். நல்ல ஏற்பாடுதான், வெட்டச் சொல்லி வருகிறவர்களுக்கு.

இரண்டு வருடத்துக்கு முந்தைய கார்த்திகையில் அப்படித்தான் வந்தார்கள். கணவர் உபகாரம் அப்போது மலைமேல், வில்பட்டிப் பக்கம் ஒரு காட்டேஜில் வாட்ச்மேன். போன் எடுக்கவில்லை. காலனிக்கு வார்டு மெம்பரான முத்துராஜ் மழையில் ஓடிவந்து, “எக்கா, வெரசா வா. பாண்டிச்செல்வி மாசம் நெறஞ்சு கெடக்குறா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சு” என்றிருக்கிறார். இவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“கொஞ்சம்கூட யோசிக்கலையா?” என்று கேட்டேன்.

“எதுக்கு யோசிக்க? எங்க மாமனாரு காலத்துல ரெண்டு வாட்டி வெட்டிருக்காங்க. ரெண்டு வாட்டியும் வண்டலு வந்து ஏறி, மறு வருசம் வெளைச்சலு அள்ளிக் குடுத்துச்சாம். ஒரு போகம் போனா அடுத்த போகம் சேத்து வந்துரும்னுதான் நெனச்சேன். மொத வெட்டு நான் போட்டேன். மிச்சத்த ஜேசிபி பாத்துக்கிருச்சு.”

வண்டல் வரவில்லை. மாமனார் காலத்து மலை வேறு. இப்போது சரிவைச் செதுக்கித்தான் ரோடும் காட்டேஜும். செதுக்கிய மண்ணும் கல்லும் மழைக்காகக் காத்திருந்தன.

“மேல வெட்டிப் போட்டதெல்லாம் எங்கிட்டுப் போகும்னு எனக்குத் தோணலையே சார். அங்கதான நானும் பெட்ஷீட் விரிச்சேன்” என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் கை நின்றது.

அழிந்த பயிருக்கு நிவாரணம் வந்தது. மணலுக்கு எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோக அனுமதி வாங்கவேண்டும். கொடுத்த மனு இரண்டு வருடமாகப் பரிசீலனையில் இருக்கிறது. கொண்டுவந்து கொட்டிய ஆற்றிடம் யாரும் அனுமதிச் சீட்டு கேட்கவில்லை. ஆகவே சட்டி, சாக்கு. வெட்டிய கரையையும் ஒப்புக்குத்தான் மண் போட்டு மூடியிருக்கிறார்கள். மடித்த சாக்குகளை அந்த இடத்தில் வரிசை வரிசையாக அடுக்கி, கரையை உயர்த்தி வைத்திருப்பது ஆக்ஸிலியாதான்.

உபகாரம் அன்றைக்குப் பிறகு வயலில் கால் வைக்கவில்லை. “யாரக் கேட்டு வெட்டுன?” என்று ஒரே ஒரு முறை கேட்டாராம். மாதம் ஒருமுறை இறங்கி வருவார், வீட்டில் சாப்பிடுவார், திரும்ப மலைக்குப் போய்விடுவார். காலனிக்காரர்கள் இன்னும் மோசம். “என்னயப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கிறாங்க சார், தப்பு நான் செஞ்ச மாதிரி. அன்னைக்கிப் பொறந்த புள்ளைக்கு என்ன பேருன்னுகூட வேத்தாளு சொல்லித்தான் தெரியும்.” எனக்குக் கோபம் வந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. “வாங்க, நாத்தப் பாருங்க” என்று கூப்பிட்டார்.

பதினைந்து சென்ட்டின் ஒரு மூலையில் நாற்றங்கால். இருபத்திரண்டு நாள் நாற்று, பச்சைப் பசேல் என்று நின்றது. “வியாழக்கெழம நடவு. எங்க வீட்டுக்காரவுகளே வாரேன்னு சொல்லிருக்காக. வயலுக்கு” என்றார். கடைசிச் சொல்லை இரண்டு முறை சொன்னார்.

அவரைப் பற்றி எழுத நான் போனது செவ்வாய்க்கிழமை. மலையில் நான்கு நாளாக மழை. மத்தியானம் மூன்று மணிக்கு ஆற்றின் நிறம் மாறியது. நாலு மணிக்குப் பாலம் தாண்டி ஆட்கள் வந்தார்கள், முன்னால் முத்துராஜ், பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர், அவர்களுக்கும் பின்னால் ஜேசிபி. இடுப்பில் பெண் குழந்தையோடு பாண்டிச்செல்வியும் இருந்தார். கரைமேல் வந்து நின்றார்கள்.

“எக்கா…” என்றார் முத்துராஜ். ஆற்றின் பக்கம் கையைக் காட்டினார்.

ஆக்ஸிலியா ஆற்றைப் பார்த்தார், சாக்குகளைப் பார்த்தார், நாற்றைப் பார்த்தார். முடியாது என்று சொல்லவேண்டும் என்று நான் மனதார விரும்பினேன். எதிரே நூறு வீடு இருப்பது தெரிந்தும் விரும்பினேன்.

“எம்புட்டு நேரம் தாங்கும்?” என்று கேட்டார்.

“அரைமணி நேரம். கூடிப்போனா முக்கா மணி.”

அவர் மண்வெட்டியைத் தொடவில்லை. கீழே இறங்கினார். சாக்கில் காலைத் துடைத்தார். நாற்றங்காலில் குனிந்து, பிடி பிடியாக நாற்றைப் பறிக்கத் தொடங்கினார். கரையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாண்டிச்செல்வி குழந்தையை முத்துராஜ் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அவரும் காலைத் துடைத்துவிட்டுத்தான் குனிந்தார். பறித்த நாற்றைச் சின்னச் சின்னக் கட்டுகளாக முடி கட்டி, கரைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். பாதி நாற்று கீழேயே நின்றது.

ஆக்ஸிலியா ஒவ்வொருவர் கையிலும் மூன்று மூன்று முடியாக வைத்துக்கொண்டே வந்தார். ஜேசிபி ஓட்டுகிறவரையும் இறங்கச் சொல்லிக் கொடுத்தார். எனக்கும் மூன்று. வேரிலிருந்து கறுப்புச் சேறு என் சட்டைக் கைக்குள் இறங்கியது.

“யாரும் கீழ வச்சிராதீங்க. வீட்டுக்குக் கொண்டுபோயி, வேரு முங்கத் தண்ணில நிறுத்தி வைங்க. வெள்ளம் வடியவும் நான் வீடு வீடா வந்து வாங்கிக்கிருவேன்.”

ஒருவரும் கீழே வைக்கவில்லை. அவர் சேலையை ஏற்றிச் செருகி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சாக்கு வரிசைக்குப் போனார். மேல் சாக்கு ஒன்றில் மூலை பிரிந்து கிடந்தது. குனிந்து அதை முக்கோணமாக மடித்து உள்ளே செருகினார். பிறகு மண்வெட்டியை ஓங்கினார்.