கோலாலம்பூருக்கு மூன்று டிக்கெட்

தம்பியின் பட்டமளிப்பு விழாவுக்கு வீட்டிலிருந்து இரண்டு பேர் வரலாம் என்று செய்தி வந்த அன்றே, அந்த இரண்டு பேரில் நான் இல்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது. போகத்தான் போகிறேன் என்று நான் முடிவு செய்ததும் அன்றுதான்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், கீழே மாவு மில்லும் மேலே நாங்களுமாக ஒரு கடைவீட்டில் குடியிருந்தோம். வெயில் ஏற ஏற மாடி முழுக்க மிளகாய்த்தூள் நெடி பரவும். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தும்மிக்கொண்டேதான் படியேறுவார்கள். அப்பா ரோட்டைத் தோண்டி மின்சாரக் கேபிள் புதைக்கும் வேலையில் இருந்தார். நான் ஏழாம் வகுப்போடு நின்றேன். நிறுத்தப்பட்டேன் என்பதுதான் சரி. “பொம்பளப் புள்ளைக்கு இது போதும்” என்று சொன்னவர் பெரியப்பா. அப்பா தலையாட்டினார். மறுவாரமே ஜன்னலோரத்தில் ஒரு தையல் மிஷின் வந்துவிட்டது.

தம்பி என்னைவிட நான்கு வயது இளையவன். கோலாலம்பூரில் பொறியியல் படிக்க இடம் கிடைத்துப் போனான். அப்பாவின் சம்பளத்தோடு என் தையல் கூலியும் சேர்ந்துதான் மாதாமாதம் அவனுக்குப் போனது. அதை நான் யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. மறந்ததும் இல்லை.

பயணத் திட்டம் போடுவதற்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். அவர் அப்பாவின் அண்ணன். செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஆட்களை அதட்டி வேலை வாங்கும் மண்டோர். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வேலையை எங்கள் வீட்டில் பார்ப்பார். அவர் வந்தால் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துகொள்வார். “அண்ணன் சொன்னா சரியா இருக்கும்” என்பது அப்பா வாயில் எப்போதும் இருக்கும் வாக்கியம்.

“விழா சனிக்கிழமைதானே? நானும் தம்பியும் வெள்ளிக்கிழமை காலை ரயில்ல போறோம். விழாவ முடிச்சு, சனிக்கிழமை மெயில்ல ஏறினா ஞாயித்துக்கிழமை காலையில இங்க இருப்போம்” என்றார் பெரியப்பா. அவர் தம்பி என்றது அப்பாவை.

“அப்ப நாங்க?” என்று அம்மா கேட்டாள். பெரியப்பா பேசும்போது அம்மா குறுக்கே கேள்வி கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

“நீங்க வீட்ட ஒழுங்கு பண்ணி வைங்க. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் பாப்பாவப் பொண்ணு பாக்க வர்றாங்க. நல்ல இடம். பையன் ஹார்பர்ல கிளார்க்கு. நாள் நான் குடுத்துட்டேன்.”

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அந்த வயதில் கல்யாணமாகாத பெண் ஒரு வீட்டில் இருந்தால், அதை அந்த வீட்டில் ஒழுகும் கூரையைப் போலத்தான் சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள். மாப்பிள்ளை வருகிறான் என்றதும் எல்லோருடைய முகமும் மலர வேண்டும் என்று பெரியப்பா எதிர்பார்த்திருப்பார். அம்மாவின் முகம் மலரவில்லை.

“பெத்தவ நான் பாக்க வேணாமா?” என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. ஆனால் அடுப்படிக்குப் போகாமல் அங்கேயே நின்றாள்.

நான் மிஷினை நிறுத்தினேன். “உள்ள அம்மாவும் அப்பாவும் போகட்டும் பெரியப்பா. அதுதான் முறை. நானும் கூடப் போறேன். உள்ள விடலன்னா வெளிய நிக்கிறேன். சனிக்கிழமை மெயில்ல நாங்க மூணு பேரும் வந்துடுறோம்.”

“ராத்திரி பூரா ரயில்ல வந்த மூஞ்சியோடயா மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னால நிப்பே?”

“கழுவிட்டு நிக்கிறேன்.”

அப்பா தரையைப் பார்த்தார். பெரியப்பா என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, “வளத்திருக்கே லா நீயும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். படியில் அவர் தும்முவது கேட்டது.

அந்த வாரம் முழுக்க நானும் அம்மாவும் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஏற்பாடுகளைச் செய்தோம். கோலாலம்பூர் செந்தூலில் ரயில்வே குவார்ட்டர்ஸில் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை இருந்தார். சின்னம்மா வீட்டில் தங்குவதென்று முடிவாயிற்று. ரயிலுக்குப் புளிச்சோறு, தம்பியின் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு ஒரு மைலோ டின் நிறைய முறுக்கு. தேக்கா மார்க்கெட் பக்கம் போய் அம்மாவுக்குச் செருப்பு வாங்கினோம். வார் வைத்த செருப்பு அவளுக்குப் பழக்கமில்லை. மாடியில் இப்படியும் அப்படியும் நடந்து பழகினாள். கீழே மில்காரர், “மேல யாரு மார்ச் பண்றது?” என்று கத்தினார். அப்பாவுக்கு நான் வெள்ளைக் கால்சட்டை தைத்தேன். முழங்கால் வரை மண்ணோடு வீடு வருகிற மனிதர். போட்டுப் பார்த்துவிட்டு உட்காரவே பயந்தார்.

புதன்கிழமை சாயங்காலம் பெரியப்பா மறுபடி வந்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் செய்தி போய்விட்டதாம்.

“பொண்ணு பாக்க வர்ற நேரத்துல பொண்ணு ஊரு சுத்தப் போறாளான்னு கேக்குறாங்க. வீட்டுல இருக்கணுமாம். இன்னொண்ணு, கல்யாணத்துக்கு அப்புறம் வெளி ஆளுக்குத் தைக்கிறதெல்லாம் நிப்பாட்டிடணுமாம். நான் சரின்னுட்டேன்.”

“என்னக் கேக்காமயா?”

“உன்ன என்ன கேக்குறது?”

“அப்ப அவங்கள வர வேணாம்னு சொல்லிடுங்க பெரியப்பா.”

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அடிக்க வருகிறார் என்று நினைத்தேன். வரட்டும் என்று நின்றேன். கால் பின்னால் போகவில்லை. அம்மா வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்று, விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பெரியப்பாவைவிட அப்பாமேல்தான் அப்போது கோபம் வந்தது.

மறுநாள் அப்பா வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வரவில்லை. தஞ்சோங் பகார் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்தார். மேல் துண்டால் கையைத் துடைத்து, சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டுகளை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அம்மா எட்டிப் பார்த்தாள். மூன்று டிக்கெட்.

“அண்ணனுக்கு?” என்று கேட்டாள்.

“அண்ணனுக்கு லீவு கெடைக்காது” என்றார் அப்பா. பெரியப்பா லீவு கேட்டாரா என்பதே எங்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் வகுப்பில் ஏறினோம். ஜோகூர் பாலத்தைத் தாண்ட அப்போது பாஸ்போர்ட் தேவையில்லை. நாள் முழுக்க ரப்பர் தோட்டங்கள் ஓடின. அம்மா செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மஞ்சள் வெயிலில் கோலாலம்பூர் வந்து சேர்ந்தோம். தம்பி பிளாட்பாரத்தில் நின்றான். என்னைக் கண்டதும், “அக்கா, நீயுமா!” என்று ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கினான். அவன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும், நாற்காலி சாய்ந்த சத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது.

மறுநாள் மண்டப வாசலில் ஒரு மாணவன் கோட்டும் டையுமாக நின்று அழைப்பு அட்டைகளை வாங்கிக்கொண்டிருந்தான். எங்கள் அட்டையைப் பார்த்தான். எங்களை எண்ணினான். இரண்டு பேர்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

அப்பா உடனே ஒதுங்கினார். “நீயும் அம்மாவும் போங்க. நான் மரத்தடியில நிக்கிறேன்.”

வெள்ளைக் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு அவர் ஒதுங்கிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. “மூணு பேரும் போறோம். இல்லாட்டி மூணு பேரும் இங்கயே நிக்கிறோம்” என்றேன். பிறகு அந்த மாணவனிடம் எனக்கு வந்த ஆங்கிலத்தில், என் தம்பி படிக்க நானும் உழைத்தேன், நான் உட்கார இடம் கேட்கவில்லை, நிற்க இடம் போதும் என்றேன். அவன் சங்கடப்பட்டான். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. நாங்கள் நகரவில்லை. கடைசியில், பட்டம் வாங்குகிறவர்களின் ஊர்வலம் உள்ளே போனதும் கதவைச் சாத்துவதற்கு முன்னால், “சுவரோரமா நில்லுங்க, சீக்கிரம்” என்று தமிழிலேயே சொன்னான். அவனும் தமிழன்தான்!

மூவருமே சுவரோரம் நின்றோம். அம்மாவும் அப்பாவும் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. மேடையேறியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கறுப்பு அங்கி. பெயர் வாசித்தவர் வெள்ளைக்காரர். சீனப் பெயரும் மலாய்ப் பெயரும் தமிழ்ப் பெயரும் அவர் வாயில் ஒன்றாகவே ஒலித்தன. தன் பையன் எப்போது வருவான் என்று அப்பாவுக்குப் பிடிபடவில்லை. தவறிப்போய்விடக் கூடாதென்று அவர் எல்லோருக்கும் கைதட்டினார். ஒருவரைக்கூட விடவில்லை. கேபிள் இழுத்துக் காய்ப்பேறிய கைகள் தட்டினால் பலகையில் அடிப்பது போல இருக்கும். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நானும் சேர்ந்து தட்டினேன். தம்பி ஏறியபோது நடையை வைத்து அம்மாதான் கண்டுபிடித்தாள். “அந்தா, அந்தா” என்று என் தோளைக் கிள்ளினாள். அழவில்லை. சிரித்தாள்.

விழா முடிந்து தம்பி எங்களைத் தேடி வந்தான். “நாளைக்கு இருங்கப்பா. லேபுக்குக் கூட்டிட்டுப் போறேன். நான் படிச்ச எடமெல்லாம் காட்டணும்” என்றான்.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். மெயிலுக்கு நேரம் இருந்தது. சிங்கப்பூரில் பெரியப்பா மறுநாளுக்காகப் பலகாரக்காரரிடம் சொல்லி வைத்திருப்பார் என்பதும் எங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டாரை வர வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கவே மாட்டார்.

“நான் இருக்கேன். நீங்க போகணும்னா போங்க” என்றேன்.

அப்பா தம்பியிடம், “தந்தி ஆபீஸு எங்க இருக்கு?” என்று கேட்டார். பெரியப்பாவுக்குத் தந்தி கொடுத்தார். நாளை வரவில்லை, திங்கள் வருகிறோம், அவ்வளவுதான் செய்தி. காரணம் எழுதச் சொன்னான் தம்பி. “காரணம் வேணாம்” என்றார் அப்பா. தன் அண்ணனுக்குக் காரணம் சொல்லாமல் அவர் செய்த முதல் காரியம் அது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நான் லேபில் ஒரு பெரிய மோட்டாருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தம்பி அதை ஓட்டிக் காட்டினான். எப்படி ஓடுகிறது என்று நான் கேட்டேன். என் தலையில் ஏறும்வரை சொன்னான்.

ஹார்பர் கிளார்க் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். நன்றாக இருந்திருப்பார்கள். என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொந்தத்தில் சிலர் சொன்னார்கள். வேறு இரண்டு வரன்கள் அதனாலேயே தட்டிப் போயின. ஐந்து வருஷம் கழித்து, என் வேலையை நிறுத்தச் சொல்லாத ஒருவரை நானே பார்த்துக் கட்டிக்கொண்டேன். அந்த ஐந்து வருஷமும் கஷ்டமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை யார் திருப்பிக் கேட்டாலும் தர மாட்டேன்.

பெரியப்பா ஒரு வருஷம் எங்கள் படி ஏறவில்லை. பொங்கலுக்கு மறுநாள் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா எழுந்திருக்கவில்லை, பக்கத்து நாற்காலியிலேயே இருந்தார். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“அடுத்த தடவ எங்கயாச்சும் போனா பெரியவங்ககிட்ட சொல்லிட்டுப் போ” என்றார்.

“சொல்லிட்டுத்தான் போனேன் பெரியப்பா” என்றேன்.

அவர் காப்பியைக் குடித்தார்.