ஜன்னல் வாடகையில் சேராது

திருவண்ணாமலையில் குடித்தனத்துக்கு வீடு தேடுகிறவர்களுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன்: தேடாதீர்கள். ஊரில் வீடு இல்லாமல் இல்லை. கதவு வைத்த எல்லாவற்றையும் கிரிவலம் வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுவிடுகிறார்கள். மாத வாடகைக்குக் கேட்டால் பிச்சைக்கு வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

எனக்கு வேங்கிக்காலில் ஒரு ஆபீசில் வேலை. பெண் பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அந்த வருஷம் அதற்குள் இரண்டு வீடு மாறியிருந்தோம். மார்ச்சில் அவள் பரீட்சை முடிகிறவரை மூன்றாவது வீட்டிலிருந்து யாரும் எங்களைக் கிளப்பக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி வீடு கிடைத்தது. ஓனர் கீழே குடியிருந்தார், ரிடையரான மனிதர். சுற்றிக் காட்டினார்.

“ஹால், கிச்சன், பெட்ரூம் எல்லாம் உங்களுதும்மா. பெட்ரூம் ஜன்னல் மட்டும் வாடகையில சேராது.”

“ஜன்னல வச்சிக்கினு என்ன சார் பண்ணப் போறீங்க?”

“இந்த வீட்ல அது ஒண்ணுலதான் மலை தெரியுது. காத்தால அஞ்சரைக்கு வந்து கும்பிட்டுட்டுப் போயிடுவேன். அஞ்சு நிமிஷம்.”

தலையாட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் நாள் அஞ்சரைக்குக் கற்பூரத் தட்டோடும் மணியோடும் வந்தார். என் பெண் ஜன்னலோரக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். “நீ தூங்கு பாப்பா, நான் வந்ததே தெரியாது” என்று சொல்லிவிட்டு மணியை ஆட்டினார்.

அடுத்த வாரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து அவர் மச்சான் வந்தார். அவரும் கும்பிட்டார். பிறகு மச்சானின் சம்பந்தி. நான் ஜன்னலுக்குத் திரை போட்டேன். ஓனர் அதை அவிழ்த்து, மடித்து, என் கையிலேயே கொடுத்தார்.

“மலையப் பாத்து என்னம்மா வெக்கம்?”

“மலையப் பாத்து இல்ல சார். உங்க மச்சானப் பாத்து.”

உச்சியில் தீபம் ஏற்றும் நாள் வந்தது. சாயங்காலம் நான்கு மணிக்கே பெட்ரூமில் முப்பது பேர். ஒரு அம்மாள் என் தலையணை மேல் ஏறி நின்றிருந்தார். அந்த வாரம் என் பெண்ணுக்கு ரிவிஷன் டெஸ்ட். கிச்சனில் கேஸ் சிலிண்டர் மேல் உட்கார்ந்து கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தவளிடம் ஒருத்தர் போய், “பாப்பா, டீ போடுறியா? சக்கரை கம்மியா” என்றார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “இது வீடா, பஸ் ஸ்டாண்டா? எல்லாரும் எறங்குங்க கீழ!” என்று கத்தினேன். சரியாக அப்போதுதான் தீபம் எரிந்தது. முப்பது பேரும் அரோகரா போட்டார்கள். நான் கத்தியது ஓனர் காதில் மட்டும் விழுந்தது.

மறுநாள் சொன்னார்: “தீபத்தப்போ சத்தம் போட்டுட்டீங்க. பொங்கலோட காலி பண்ணிடுங்க. மலை தெரியுற ரூம்னு சொன்னா ஆந்திராக்காரங்க க்யூல நிப்பாங்க.”

புரோக்கருக்குப் போன் செய்தேன். பொங்கலுக்குள் வீடா என்று சிரித்தார்.

என்னைக் காப்பாற்றியது பின்பக்கத்து லாட்ஜ். அவர்கள் மொட்டை மாடியில் ஏற்கெனவே தூணுக்குக் கம்பி கட்டி வைத்திருந்தார்கள். மார்கழியில் இன்னொரு மாடி எழுப்பினார்கள். பத்தே நாளில் மலை போய்விட்டது. ஜன்னலைத் திறந்தால் பூசாத செங்கல் சுவர். சொல்ல வெட்கமில்லை, சந்தோஷத்தில் கேசரி கிண்டினேன். திரையை மாட்டினேன்.

மறுநாள் அஞ்சரைக்குக் கதவைத் தட்டினார்கள். திறந்தால் அதே தட்டு, அதே மணி.

“மலைதான் போயிடுச்சே சார்!”

“எங்கம்மா போச்சு? செவத்துக்குப் பின்னாடிதான இருக்குது.”

“உங்க வீட்டுச் செவத்துக்கும் பின்னாடிதான் இருக்குது. அங்கயே கும்பிடுங்க.”

யோசித்தார். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

“அந்தப் பக்கம் எங்க வீட்ல பாத்ரூம்மா” என்றார். குரல் இறங்கியிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லாட்ஜ் சுவரைப் பார்க்க எந்த ஊர்க்காரனும் க்யூவில் நிற்க மாட்டான். அதைக் கும்பிட அஞ்சரைக்குக் கதவைத் திறந்துவிட என்னைத் தவிர இன்னொரு பைத்தியமும் இவருக்குக் கிடைக்காது.

“உள்ள வரணும்னா, பரீட்சை முடியிற வரைக்கும் காலி பண்ணுன்னு வாயத் தெறக்கக் கூடாது. மச்சான் வரக் கூடாது. மணி அடிக்கக் கூடாது.”

“மணி அடிக்காம எப்படிம்மா?”

“நடுவுல செவுரு இருக்குது சார். அடிச்சாலும் சாமிக்குக் கேக்காது.”

மணியை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

பொங்கல் போனது. நாங்கள் போகவில்லை. அவர் தினமும் வந்து லாட்ஜ் சுவருக்குக் கற்பூரம் காட்டினார். மார்ச்சில், அந்தச் சுவரில் விட்டிருந்த ஓட்டைக்கு லாட்ஜ்காரர்கள் பாத்ரூம் ஜன்னல் வைத்தார்கள். ஒரு நாள் அங்கே பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கற்பூரத்தைப் பார்த்ததும் வாயில் நுரையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஓனரும் போட்டுக்கொண்டார். என் பெண் அசையாமல் தூங்கினாள். அன்றைக்கு அவளுக்குக் கெமிஸ்ட்ரி.